போர்டிகோ டைல்ஸின் மேல் ஜாக்கி வைக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். திருச்சியில் சொந்த வீடு. போர்டிகோவில் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ். அப்பா ஓட்டிய அம்பாசடரைப் பணி ஓய்வுக்குப் பிறகு நீங்களே பிரித்துச் சீர்செய்ய இறங்கியிருக்கிறீர்கள். மூன்று டன் டிராலி ஜாக்கி, தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் நான்கு ஸ்டாண்டு, எஞ்சின் தூக்கும் கிரேன் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. முதல் நாள் முன்பக்கத்தைத் தூக்கும்போதே 'டக்' என்று ஒரு சத்தம். டைல்ஸில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். வீட்டில் நல்ல பேச்சு வாங்கியிருக்கிறீர்கள். ரப்பர் மேட் விரித்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் நடுவில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: "பத்து வருடமாக இதே இடத்தில்தான் கார் நிற்கிறது, ஒரு டைல்ஸும் உடைந்ததில்லை, ஒரே நிமிடத்தில் எப்படி உடைந்தது?" இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை விரிப்பது, எங்கே விரிப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

நான் சிவில் டிப்ளமா முடித்து 26 ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறவன். அதில் பாதிக்கு மேல் தரை வேலைதான். நான் மெக்கானிக் அல்ல. என் மைத்துனர் கார் பட்டறை வைத்திருப்பதால், தரையை இரும்பு என்ன பாடு படுத்தும் என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் தரையைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காரை எந்த இடத்தில் தூக்குவது என்பதற்கு அம்பாசடரில் கை வைத்துப் பழகிய ஒருவரைக் கேளுங்கள்.

அம்பாசடரின் எடை ஏறத்தாழ 1,100 முதல் 1,200 கிலோ. அது நான்கு டயர்களில் நிற்கிறது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் அதற்குள் அடைத்த காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ, இரண்டே கால் கிலோ. குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டு நடக்கும் ஒருவர் இதைவிடக் கடுமையாக உங்கள் தரையை அழுத்துகிறார். கார் பத்து வருடம் நின்றும் ஒன்றும் ஆகாததில் ஆச்சரியம் ஏதுமில்லை.

இப்போது ஜாக்கியைப் பாருங்கள். முன்பக்கத்தை நடுவில் கொடுத்துத் தூக்கினால் 600 கிலோவாவது அதன் மேல் ஏறும். ஜாக்கி தாழ்ந்திருக்கும்போது அதில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டு இரும்பு உருளைகளில் இறங்கும். முக்கால் பங்கு என்று வைத்தால் உருளைக்கு 225 கிலோ. அந்த உருளை தரையைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மூன்று சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். மொத்தம் ஒரு சதுர சென்டிமீட்டர் தேறினால் அதிகம். ஆக, சதுர சென்டிமீட்டருக்கு 225 கிலோ, டயரைப் போல நூறு மடங்கு. வீடுகளுக்குப் போடும் எம்20 கான்கிரீட்டின் நசுக்கு வலிமையே சுமார் 200 கிலோதான். கார் அதேதான், எடை அதேதான். அது நிற்கும் கால் மட்டும் உளியாகிவிட்டது.

இது நான் கண்டுபிடித்த விஷயம் அல்ல. தரை டைல்ஸைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி627 என்றொரு முறை இருக்கிறது. மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தரையின் மேல் வட்டமாகச் சுற்றவிடுவார்கள். முதலில் மென்மையான ரப்பர் சக்கரம், அடுத்து கெட்டி ரப்பர், கடைசியில் இரும்பு. பல தரைகள் ரப்பரில் தேறி இரும்பில் தோற்றுப் போகும். வீட்டுத் தரை என்றும் கனரகத் தரை என்றும் பிரிப்பது பெரும்பாலும் அந்த இரும்புச் சக்கரம்தான்.

ஆனால் உருளையை மட்டும் குற்றம் சொன்னால் கதை பாதிதான். விட்ரிஃபைடு டைல்ஸ் நசுங்குவதில் கெட்டிக்காரப் பொருள். அதை அழுத்தி நசுக்குவது எளிதல்ல. அதன் பலவீனம் வளைவு. கண்ணாடியைப் போல, வளைந்தால் அடிப்பக்கத்தில் பிளக்கும். ஐஎஸ்ஓ 13006 தரவிதியின்படி, ஏழரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள இந்த வகை டைல்ஸ் குறைந்தது 1,300 நியூட்டன், அதாவது சுமார் 130 கிலோ தாங்க வேண்டும். அந்த எண் டைல்ஸை இரண்டு ஓரங்களில் மட்டும் தாங்கி, நடுவில் அழுத்தி உடைத்துப் பார்த்துச் சொல்வது. அடியில் முழுக்கக் கலவை நிறைந்திருக்கும் டைல்ஸ் இதைப் போலப் பல மடங்கு தாங்கும், ஏனென்றால் அதற்கு வளைய இடமே இல்லை. அடியில் வெற்றிடம் இருந்தாலோ அது சோதனைச்சாலையில் இரண்டு கம்பிகளின் மேல் கிடக்கும் டைல்ஸின் நிலைக்கு வந்துவிடுகிறது. உங்கள் உருளை கொடுத்தது 225 கிலோ. மூலைக்கு மூலை ஓடிய விரிசல் என்பதால், அடியில் பொள்ளல் இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இது நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சொல்லும் ஊகம். டைல்ஸை எடுத்துப் பார்க்கும்வரை சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்தப் பொள்ளல் எப்படி வந்தது என்று கொத்தனார் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு மூலைக்கு நான்கு கலவை உருண்டை, நடுவில் ஒன்று. டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் நான்கு தட்டு. மட்டம் வந்ததும் அடுத்தது. உருண்டைகளுக்கு இடையில் காற்றுதான் இருக்கும். இல்லையென்றால், உலர்ந்த கலவையை மட்டமாக இழுத்து, மேலே சிமெண்ட் பாலை ஊற்றி, அதன் மேல் டைல்ஸைப் படுக்க வைப்பார்கள். பழைய செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சியதால் சிமெண்ட் பால் அதைப் பிடித்துக்கொண்டது. விட்ரிஃபைடு உறிஞ்சும் தண்ணீர் அரை சதவீதத்துக்கும் குறைவு. சிமெண்ட் பால் அதில் ஒட்டாமல் சும்மா காய்ந்து கிடக்கும். அதற்கென்றுதான் பாலிமர் கலந்த பசை வந்தது. ஐஎஸ் 15477 என்று தரவிதியே இருக்கிறது. பல் வைத்த கரணையால் தரையில் பசையை இழுத்து, டைல்ஸின் முதுகிலும் ஒரு பூச்சுக் கொடுத்து ஒட்டினால்தான் அடி நிறையும். வெளிப்புறத் தரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது பசை பரவியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

கொத்தனார்களை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் மைத்துனரின் பட்டறைக்குள் ஓர் அறைக்கு நானே உருண்டை வைத்து டைல்ஸ் போட்டேன். மட்டம் கண்ணாடி போல இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது வாரம் கியர்பாக்ஸை இறக்கி வைத்தார்கள். ஏழு டைல்ஸ் போயிற்று. பெயர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஐந்து வட்டம், மற்ற இடமெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த வெள்ளை மாறாமல் இருந்தது. என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். மைத்துனர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி சொல்கிறார்.

எனவே எதையும் விரிப்பதற்கு முன்னால் ஒரு ரூபாய் செலவில்லாத ஒரு வேலையைச் செய்யுங்கள். காலை நேரத்தில், தெருச் சத்தம் குறைவாக இருக்கும்போது, ஒரு பெரிய நாணயத்தையோ ஸ்பேனரின் முனையையோ எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். ஒவ்வொரு டைல்ஸையும் நான்கு மூலையிலும் நடுவிலும் மெல்லத் தட்டுங்கள். அடி நிறைந்த டைல்ஸ் 'டிக்' என்று சுருக்கமாக, கெட்டியாகப் பேசும். பொள்ளல் உள்ளது 'டொக்' என்று மண்பானை போல எதிரொலிக்கும். முதல் ஐந்து நிமிடம் வித்தியாசம் புரியாது. பிறகு காது பழகிவிடும். பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டங்களுக்குள் ஜாக்கி உருளையோ ஸ்டாண்டின் காலோ வரக்கூடாது, மேலே என்ன விரித்திருந்தாலும் சரி. வீட்டுக்காரர்கள் தரை முழுவதும் பொள்ளலாக இருக்கும் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று அளவில்தான் இருக்கும், அதுவும் ஓரங்களிலும் கடைசி வரிசையிலும். சாயங்காலம் ஆகி அவசரமாக முடித்த வரிசை எது என்பதைத் தட்டியே சொல்லிவிடலாம்.

அதற்கும் கீழே ஓர் அடுக்கு இருக்கிறது. நம் ஊர்ப் போர்டிகோக்களில் பாதி, அடித்தளத்தை உயர்த்த மண் கொட்டி நிரப்பியவை. அதை ஓர் அடிக்கு ஓர் அடி தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்து இறுக்கியிருந்தால் கவலை இல்லை. லாரியில் கொட்டிப் பரப்பி மேலே ஜல்லிக் கான்கிரீட் போட்டிருந்தால், சில மழைக்குப் பிறகு மண் இறங்கி, கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். இதை நாணயம் காட்டிக்கொடுக்காது. சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே ஒரு நூலிழை இடைவெளி திறந்திருக்கிறதா, மழைநீர் ஒரே இடத்தில் தேங்குகிறதா, விரிசல் ஒரு டைல்ஸோடு நிற்காமல் மூன்று நான்கு டைல்ஸைக் கடந்து நேர்கோட்டில் போகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் பிரச்சினை டைல்ஸில் இல்லை. நேரில் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். உங்கள் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் கட்டும் வீடுகளில் சம்ப் பெரும்பாலும் போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும். சில வீடுகளில் கழிவுத்தொட்டியும் அங்கேதான். அதன் மேல்தளம் கார் ஏறும் என்று கணக்குப் போட்டுக் கம்பி கட்டியதாக இருக்கலாம், ஆள் நடந்தால் போதும் என்று போட்டதாகவும் இருக்கலாம். இரண்டும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சம்ப்பின் மேல் ஜாக்கியும் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம், எஞ்சின் தொங்கும் கிரேன் வேண்டவே வேண்டாம். மூடியின் சட்டத்திலிருந்தும் தள்ளியே இருங்கள். காருக்கு அடியில் படுத்திருக்கும்போது தரை உள்வாங்கினால் அங்கே டைல்ஸைப் பற்றிப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது ரப்பர் மேட். அது மட்டும் போதாது. அதை மட்டும் போடுவது சில சமயம் ஆபத்தும்கூட. விழும் ஸ்பேனரிலிருந்தும் கீறலிலிருந்தும் ரப்பர் காப்பாற்றும். பாரத்தைப் பரப்ப அதற்குத் தெரியாது. பாரத்தைப் பரப்ப வேண்டிய பொருள் விறைப்பாக இருக்க வேண்டும். ரப்பரோ உருளைக்குக் கீழே மட்டும் அமுங்கி, பாரத்தை அப்படியே நேர் கீழே கடத்திவிடும். இன்னொரு தொல்லை உண்டு. டிராலி ஜாக்கியின் கை மேலே போகும்போது நேராகப் போவதில்லை, வில் போல வளைந்து போகிறது. அதை ஈடுகட்ட ஜாக்கி காருக்கு அடியில் சில சென்டிமீட்டர் உருண்டு நகர வேண்டும். அதற்காகத்தான் அதற்குச் சக்கரமே. ரப்பருக்குள் உருளை புதைந்து நின்றுவிட்டால் ஜாக்கி நகராது; அதற்குப் பதில் காரை இழுக்கும், அல்லது தலைப்பகுதி பிடித்த இடத்திலிருந்து வழுக்கும்.

என் கையால் செய்து கொடுத்து, இன்றுவரை புகார் வராத ஏற்பாடு இது. பத்தொன்பது மில்லிமீட்டர் பிளைவுட், மெரைன் என்று கடையில் கேட்டால் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதைத் தருவார்கள். எட்டுக்கு நான்கு பலகை ஒன்றை வாங்கி நான்குக்கு இரண்டாக நான்கு துண்டு போட்டுவிடுங்கள். ஒரு ஆள் தூக்கலாம், சுவரோரம் சாத்தி வைக்கலாம். ஜாக்கி உருளும் துண்டின் மேல் மட்டும் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு. பூ விழுந்த தகடு வேண்டாம், வழுவழுப்பானதே நல்லது. திருகின் தலை தகட்டோடு சமமாக அமரும்படி துளையை அகலப்படுத்தி, பதினைந்து மில்லிமீட்டர் திருகால் நான்கு மூலையிலும் பிடித்துவிடுங்கள். நீளத் திருகு போட்டால் முனை பிளைவுட்டைத் தாண்டி அடியில் எட்டிப் பார்க்கும்; அந்த ஒரு முனை போதும், நீங்கள் காப்பாற்ற நினைத்த டைல்ஸை நீங்களே துளையிட. தகட்டின் ஓரங்களை அரம் கொண்டு மழுக்கிவிடுங்கள். அடியில் வேண்டுமானால் மூன்று மில்லிமீட்டருக்கு மிகாத ரப்பர் ஷீட்டை ஒட்டலாம், வழுக்காமல் இருக்க. ரப்பரின் வேலை அவ்வளவுதான்.

இது என்ன செய்கிறது என்று மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விறைப்பான பலகைக்குள் பாரம் ஏறத்தாழ 45 பாகையில் விரிந்து இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், தகட்டையே கணக்கில் சேர்க்காமல், பத்தொன்பது மில்லிமீட்டர் பிளைவுட்டின் அடியில் அந்த மூன்று சென்டிமீட்டர் கோடு சுமார் ஏழுக்கு நான்கு சென்டிமீட்டர் பரப்பாகிவிடும். ஒரு சதுர சென்டிமீட்டரில் இருந்த 225 கிலோ 28 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோ. டயரைவிடக் கூடுதல்தான், ஆனால் அடி நிறைந்த டைல்ஸுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தகடு இல்லாவிட்டால் பிளைவுட்டில் உருளைத் தடம் பள்ளமாக விழும், அடுத்த முறை ஜாக்கி அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். தகடு வைக்கச் சொல்வது அதற்காக. பலகையைப் போடுவதற்கு முன் தரையைப் பெருக்கிவிடுங்கள். பலகைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் மாட்டிய ஒரு சிறு கல், நாம் பரப்பிய பாரத்தையெல்லாம் மறுபடி ஒரே புள்ளியில் கூட்டிவிடும்.

ஸ்டாண்டுகளின் கதை வேறு. அவை உருளாது, ஆனால் நாள்கணக்கில் நிற்கும். மலிவான ஸ்டாண்டுகளின் கால்கள் மடித்த தகட்டின் ஓரத்தில் நிற்பவை; கத்தி முனையைத் தரையில் ஊன்றியது போல. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓரடிச் சதுரப் பிளைவுட் துண்டு வையுங்கள், ஸ்டாண்டின் அடியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடையாவது வெளியே நீட்டியிருக்கட்டும். பளபளப்பான டைல்ஸில் பிளைவுட் வழுக்கும். இங்கே அடியில் அந்த ரப்பர் ஷீட் கட்டாயம். உயரம் போதவில்லை என்று கட்டைகளை அடுக்காதீர்கள். செங்கல், சிமெண்ட் கல் எல்லாம் எச்சரிக்கை இல்லாமல் பொடியாகும் பொருள்கள். நான் கட்டடக்காரன், எனக்குத் தெரியும். போர்டிகோ தரை மழைநீர் வடிய வாசல் பக்கம் சரிந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு முனையைத் தூக்கும்போது மறுமுனைச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்.

இவற்றில் கிரேன்தான் கொடியது. அம்பாசடரின் எஞ்சின் வார்ப்பிரும்பு. கியர்பாக்ஸோடு சேர்த்து எடுத்தால் 200 கிலோ என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அந்த எடை கிரேனின் நீட்டிய கையின் நுனியில் தொங்குவதால் பெரும்பங்கு முன்கால்களின் இரண்டு சின்னச் சக்கரங்களில் இறங்குகிறது. ஜாக்கியாவது சில சென்டிமீட்டர்தான் நகரும். இதை நீங்கள் பாரத்தோடு தள்ளிக்கொண்டு போகிறீர்கள். ஒரு டைல்ஸ் அடுத்ததைவிட ஒரு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் சக்கரம் அந்த உதட்டில் போய் இடிக்கும், ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். ஆகவே கிரேனை நகர்த்தாமல் காரை நகர்த்துவதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைத் தூக்கிய நிலையில் கிரேனை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு பேர் காரைப் பின்னால் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. கார் டயரில் நகர்கிறது. டயர் தரைக்கு நண்பன். பிறகு எஞ்சினை அதே இடத்தில் தாழ்த்தி, பழைய லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார வையுங்கள். பட்டறைகளில் இதைத்தான் செய்கிறார்கள்.

கம்ப்ரஸர், வேலை மேசை, வைஸ் முதலியவை எடையால் பெரிதாகக் கெடுப்பதில்லை. கம்ப்ரஸர் அதிரும், அதிர்ந்துகொண்டே நகரும். அதன் கால்களுக்கு ரப்பர் கட்டை கொடுத்தால் போதும். மேசைக் கால்களுக்கு நாலங்குலச் சதுர இரும்புப் பட்டை வெல்டிங் செய்து, அடியில் ரப்பர் ஒட்டிவிடுங்கள்.

எண்ணெய்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். விட்ரிஃபைடு எஞ்சின் ஆயிலை உறிஞ்சாது, துடைத்தால் போய்விடும். உறிஞ்சுவது இடுக்கில் இருக்கும் சிமெண்ட் கிரவுட். ஒரு முறை கறுத்தால் பிறகு வெளுக்காது. அதைவிட மோசம் பேட்டரி. அதிலிருக்கும் கந்தக அமிலம் சிமெண்டைத் தின்றுவிடும். பேட்டரியைக் கழற்றினால் பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். சிந்திவிட்டால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நீங்கள் வேலை செய்யும் பகுதியில் மட்டும் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் போட்டால் இரண்டு தொல்லையும் தீரும். ஜாக்கி உருளை உரசிய சாம்பல் நிறக் கோடுகளைக் கண்டு பதற வேண்டாம். அது பெரும்பாலும் கீறல் அல்ல, இரும்பு டைல்ஸின் மேல் பென்சில் போல எழுதிய கோடு. மென்மையான துப்புரவுப் பசையால் தேய்த்தால் போகும். ஸ்டாண்டு விட்ட துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கேட்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். அது கறையை எடுப்பதற்கு முன் கிரவுட்டை எடுத்துவிடும். கறுப்பு ரப்பரை வெளிர்நிற டைல்ஸில் மாதக்கணக்கில் விட்டாலும் பழுப்புக் கறை விழலாம் என்பதால், வேலை முடிந்ததும் பலகைகளைத் தூக்கிச் சாத்தி வையுங்கள்.

உடைந்த டைல்ஸை மாற்றத்தான் வேண்டும். விரிசலில் பசை ஊற்றி மறைப்பது கண்ணுக்குத்தான், பாரத்துக்கு அல்ல. சுற்றியுள்ள கிரவுட்டை முதலில் அறுத்துவிட்டு, நடுவிலிருந்து உடைத்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்து டைல்ஸும் கூடவே வரும். பெயர்த்ததும் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் யார் எப்படி வேலை செய்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கும். புதியதை ஒட்டிய பிறகு ஆள் நடக்க ஒரு நாள், ஜாக்கி வைக்க ஒரு வாரம் பொறுங்கள். வீடு கட்டியபோது மிச்சம் வைத்த டைல்ஸ் மாடியில் கிடக்கிறதா பாருங்கள், கடையில் அதே நிறம் கிடைப்பது கடினம்.

மற்றப் பொள்ளல் டைல்ஸ்களுக்கு, இடுக்கில் துளையிட்டு நீர்த்த எபாக்ஸியை ஊசியால் ஏற்றி அடியை நிரப்பும் முறை ஒன்று உண்டு. இதில் என் அனுபவம் பாதிப் பாதி. சில இடங்களில் 'டொக்' போய் 'டிக்' வந்துவிட்டது. சில இடங்களில் எபாக்ஸி ஒரு பக்கம் ஓடிப்போய், துளையைச் சுற்றி மட்டும் கெட்டியாகி, மற்றது அப்படியே இருந்தது. நடமாட்டம் உள்ள தரைக்கு அதைச் செய்துகொள்ளலாம். ஜாக்கி நிற்கும் இடத்துக்கு அதை நம்பி நான் உத்தரவாதம் தர மாட்டேன். அங்கே பெயர்த்துப் புதிதாக ஒட்டுவதுதான்.

மொத்தத் தரையையும் மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு கார், ஒரு முறை சீர்செய்வது என்றால் தேவையே இல்லை. இது முடிந்து அடுத்த பழைய கார் வரும் என்று உங்கள் எழுத்தில் ஒரு வாடை அடிக்கிறது. அப்படியானால் போர்டிகோவின் நடுவில் கார் நிற்கும் நீளத்துக்கு டைல்ஸை எடுத்துவிட்டு, கம்பி கட்டி, மேற்பரப்பைக் கடினமாக்கும் பொடி தூவித் தேய்த்த வெறும் கான்கிரீட் தரை போடுங்கள். பார்க்க அழகில்லை என்பார்கள். இரண்டு பக்கமும் டைல்ஸ் இருக்கட்டும், நடுவில் ஒரு பாய் விரித்தது போல இருக்கும். வெளிநாட்டுப் படங்களில் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் கட்டங்களைக் கோத்துப் போடும் தரையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதன் அடிப்பக்கம் கால்களும் வெற்றிடங்களுமாக இருப்பதால், ஸ்டாண்டின் கீழ் அதுவும் நெளியும், அங்கேயும் பலகை வேண்டும். சிமெண்ட் பார்க்கிங் டைல்ஸ் கனமானவை, ஆனால் எண்ணெயைக் குடிக்கும்.

பின்னால் இரண்டு தூண் லிஃப்ட் வைக்கும் ஆசை இருப்பதாக எழுதியதற்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: டைல்ஸின் மேல் அதை நிறுத்தவே கூடாது. அந்தத் தூண்களைப் பிடித்திருப்பது தரைக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகள். அவை கான்கிரீட்டைப் பிடிக்க வேண்டுமே தவிர டைல்ஸையும் கலவையையும் அல்ல. தூண் நிற்கும் இடத்தில் டைல்ஸை எடுத்தாக வேண்டும். அடியில் லிஃப்ட்டின் கையேடு கேட்கும் கனமும் வலிமையும் உள்ள கான்கிரீட் இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்த்தாக வேண்டும். வீட்டுப் போர்டிகோவில் அது பெரும்பாலும் இருக்காது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் அதில் இறங்க வேண்டாம்; என்னைக் கூப்பிட்டாலும் நான் அவரைத்தான் அழைத்து வருவேன்.

இப்போதைக்குக் காரை இறக்கி டயரில் நிற்க விடுங்கள். நாணயத்தை எடுத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது தரையில் உட்காருங்கள், சாக்பீஸ் வட்டங்களைப் படம் எடுத்துப் போடுங்கள், சம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் அதில் குறித்துவிடுங்கள். அது தெரியாமல் ஸ்டாண்டு வைக்கும் இடத்தை நான் சொல்ல மாட்டேன்.